ஒன்றரைக் கோடி கட்டிய பி-204: ஒரு ஜாவாக்காரன் கையில் நான்கு டைனமிக் மொழிகள்

பதினேழு வருடமாக ஜாவா என்கிற நிரல்மொழியில் எழுதித்தான் சாப்பிடுகிறேன். 2008-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஜாவா 6 ஓடிக்கொண்டிருந்தது. 2014-இல் 8 வந்து லாம்டா கொடுத்தது, 2023-இல் 21 வந்து வர்ச்சுவல் த்ரெட் கொடுத்தது, நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்த மொழி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, வீட்டுக் கடனில் பெரும்பகுதியை அதுதான் அடைத்தது. ஆனாலும் நாற்பதை நெருங்கும்போது சிலர் புல்லட் வாங்குகிறார்கள், சிலர் அதிகாலையில் ஓட ஆரம்பிக்கிறார்கள், எனக்கு டைனமிக் மொழி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று வந்துவிட்டது, அதாவது இது எண், இது எழுத்து என்று ஒவ்வொன்றின் டைப்பையும் ஜாவா மாதிரி முன்கூட்டியே எழுதச் சொல்லாத மொழி. ரூபி, பைத்தான், க்ளோஜர், எலிக்சிர் என்று நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். நான்கும் இலவசம், செலவானது என் ராத்திரிகள்தான்.

முதல்முறையாக நிரல் எழுதக் கற்பவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது. ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ பத்து வருடம் ஊறிப்போய், நிரலை ஓட்டும் முன்பே தப்பைப் பிடிக்கிற கம்பைலர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாவிட்டால் கை உதறுகிற என் ஜாதிக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

சோதிக்க ஒரு நிஜ வேலை வேண்டும், இல்லாவிட்டால் 'வணக்கம் உலகமே' எழுதிவிட்டு எல்லா மொழியும் அருமை என்று சொல்லிவிடுவோம். எங்கள் அபார்ட்மெண்டில் 64 வீடுகள். நான் பொருளாளர், யாரும் வராத கூட்டத்துக்குப் போய்விட்ட குற்றத்துக்கான தண்டனை அது. வீட்டுக்கு மாதம் 3500 ரூபாய் பராமரிப்புத் தொகை. வங்கி அறிக்கையைச் செயலாளர் ஒரு ஷீட்டில் போட்டு, பைசாவையெல்லாம் வெட்டிவிட்டு, சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்தாக அனுப்புவார். தேதி, விவரம், தொகை என்று மூன்றே பத்தி. அந்த விவரப் பத்தியில்தான் எல்லாக் கூத்தும். ஒருவர் 'பி204' என்று போடுவார், இன்னொருவர் 'பி - 204 மெயின்டனன்ஸ்', அடுத்தவர் 'ஃப்ளாட் 204 பி பிளாக்', ஒரு புண்ணியவான் தன் மகன் யூபிஐ கணக்கிலிருந்து 'லவ் யூ அப்பா' என்று போட்டு 3500 அனுப்பியிருப்பார். இதையெல்லாம் பிரித்து, எந்த வீடு எவ்வளவு கட்டியது என்று பட்டியல் எடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டவேண்டும். ஜாவாவில் இதற்கு நான் ஒரு மேவன் புராஜெக்ட், நான்கு கிளாஸ், ஒரு என்யூம், யாருக்கும் தேவையில்லாத ஒரு இன்டர்ஃபேஸ் என்று தொடங்கியிருப்பேன். பழக்க தோஷம்.

முதலில் ரூபி. ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மாட்சுமோட்டோ உருவாக்கியது, வெளியே வந்தது 1995-இல். ஜாவாவும் அதே வருடம்தான், ஜாவாஸ்கிரிப்டும் அதே வருடம்தான், மூன்றும் ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள் மாதிரி. ரூபியின் புதிய பதிப்பு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் வரும், அது ஒரு வழக்கம். எழுதுகிறவனுக்குச் சந்தோஷம் தரவேண்டும் என்பதை மாட்சுமோட்டோ ஒரு வடிவமைப்புக் கொள்கையாகவே வைத்துக்கொண்டவர். இதைக் கேட்டபோது நான் சிரித்தேன், மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. கோப்பைத் திற, வரிகளை வீட்டு எண்படி குழு பிரி, ஒவ்வொரு குழுவுக்கும் தொகையைக் கூட்டு, அவ்வளவையும் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து ஒரே மூச்சில் எழுதிக்கொண்டே போகலாம். மொத்தம் எழுபது வரிக்குள் முடிந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, எழுத்துச் சரங்களுக்கான ஸ்ட்ரிங் என்கிற அடிப்படை கிளாஸிலேயே நானாக ஒரு மெத்தடை, அதாவது ஒரு புதுச் செயலைச் சேர்த்து அதற்கு 'வீட்டு_எண்' என்று தமிழிலேயே பேர் வைக்க முடிந்தது. தமிழில் பேர் வைப்பது ஜாவாவிலும் முடியும்தான், ஆனால் ஜாவாவின் ஸ்ட்ரிங்கைத் தொட விடமாட்டார்கள், கோயில் கர்ப்பகிரகம் மாதிரி வெளியே நின்று கும்பிடவேண்டியதுதான். ரூபியில் உள்ளே போய் அபிஷேகமே செய்யலாம். (இரண்டு நூலகங்கள் ஒரே கிளாஸில் ஒரே பேரில் அபிஷேகம் செய்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். பின்னால் வந்தது முன்னால் இருந்ததைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். அதற்காகத்தான் ரூபி 2.0-இல் அந்த மாற்றத்தை ஓரிடத்துக்குள் மட்டும் அடக்கிவைக்க ரிஃபைன்மெண்ட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள்.)

பட்டியலை அச்சடித்து ஒட்டினேன். 63 வீட்டுக்குச் சரியாக இருந்தது. பி-204-இல் இருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மறுநாள் காலை கதவைத் தட்டினார். "தம்பி, என் பேர்ல ஒன்றரைக் கோடி ரூபாய் வரவு வெச்சிருக்கீங்க. அதுல லிஃப்ட மாத்திட்டு மிச்சத்த திருப்பிக் குடுத்துடுங்க." போய்ப் பார்த்தால் அவர் பேருக்கு நேரே 15002000 என்று இருக்கிறது. அந்த மாதம் அவர் இரண்டு தவணையாகக் கட்டியிருந்தார், முதலில் 1500, அப்புறம் 2000. சிஎஸ்வியிலிருந்து வருவது எல்லாமே எழுத்துச் சரம், நான் எண்ணாக மாற்றவில்லை. ரூபியில் '+' போட்டால் இரண்டு சரங்களும் ஒட்டிக்கொள்ளும். மற்ற 63 வீட்டுக்காரர்களும் ஒரே தவணையில் கட்டியதால் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை, '3500' என்கிற சரம் அச்சில் 3500 என்கிற எண்ணைப் போலவே தெரிந்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை, எந்தச் சிவப்புக் கோடும் இல்லை, நிரல் மகிழ்ச்சியாக ஓடி முடிந்தது.

இந்த இடத்தில் ஜாவா நண்பர்கள் எல்லாரும் 'பாத்தியா' என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு சரங்களை '+' போட்டால் ஜாவாவும் ஒட்டத்தான் செய்யும். ஒருபடி மேலே போய், '2' என்கிற சரத்தோடு 1 என்கிற எண்ணைக் கூட்டினால் ஜாவா மறுபேச்சில்லாமல் '21' என்று தரும், ரூபி முடியாது என்று டைப் பிழை வீசும். ஜாவாவில் இந்தத் தப்பு நடந்திருக்காது என்பதற்குக் காரணம், தொகை என்கிற ஃபீல்டுக்கு நான் முதலிலேயே பிக்டெசிமல் என்று எண்ணுக்கான டைப் எழுதியிருப்பேன், எழுதியே ஆகவேண்டும் என்பதால். என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியது மொழியின் அறிவு இல்லை, அது என்னிடம் கட்டாயப்படுத்தி வாங்கியிருக்கக்கூடிய அந்த ஒரு வரி. இன்னொரு விஷயம், ரூபி 2.4 முதல் 'சம்' என்று ஒரு மெத்தடே இருக்கிறது. அது பூஜ்யத்திலிருந்து கூட்ட ஆரம்பிப்பதால் சரத்தைப் பார்த்ததும் கத்தியிருக்கும். நான் எங்கேயோ கிடைத்த பழைய பதில் ஒன்றைப் பார்த்து, இருப்பதை ஒன்றோடொன்று '+' போட்டுச் சேர்க்கிற 'இன்ஜெக்ட்' போட்டிருந்தேன்.

சரி என்று 'டு ஐ' போட்டு எண்ணாக மாற்றினேன். அடுத்த மாதம் செயலாளர் ஷீட்டின் அமைப்பை மாற்றிவிட, தொகை '3,500' என்று காற்புள்ளியோடு வந்தது. 'டு ஐ' அந்தச் சரத்தை முன்னாலிருந்து படித்து, எண் அல்லாத எழுத்து வந்ததும் நின்றுவிடும். ஆக 64 வீடும் தலா மூன்று ரூபாய் கட்டியதாகக் கணக்கு. இந்த முறை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். பெரிய எழுத்தில் தொடங்குகிற 'இன்டிஜர்' என்கிற மெத்தடைப் பயன்படுத்தினால் புரியாததைக் கண்டதும் அது பிழை வீசும், அதைத்தான் போட்டிருக்கவேண்டும். ரூபியில் எப்போதுமே ஒரு வேலைக்கு நான்கு வழி இருக்கும், அதில் எது சாது எது கறார் என்று அடிபட்டுத்தான் தெரியும்.

இவ்வளவு அடி வாங்கியும் ஏன் விடவில்லை என்றால், ஐஆர்பி. ரூபியோடு வருகிற உரையாடல் சாளரம். இதைத்தான் நான் இந்த விமர்சனத்தில் முக்கியமாகச் சொல்லவந்தேன். ஜாவா ஆட்கள் டைனமிக் மொழிக்குப் போகிறோம் என்றால் டைப் எழுதுகிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அது சல்லிக்காசு மிச்சம், எழுதுவதில் பாதியை இன்டெல்லிஜே எடிட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நிஜமான ஆதாயம் காத்திருப்பு இல்லாமல் போவது. ஆபீஸில் ஒரு வரியை மாற்றினால் பில்ட் போட்டு, சர்வர் எழுந்து நின்று, லாகின் செய்து, அந்தத் திரைக்குப் போய்ச் சேர இரண்டு நிமிடம்; அதற்குள் போனை எடுத்துவிடுவேன், இரண்டு நிமிடம் பத்தாகிவிடும். ஐஆர்பியில் வங்கிக் கோப்பை ஒருமுறை ஏற்றி வைத்துக்கொண்டு, 'ஃப்ளாட் 204 பி பிளாக்' என்கிற வரியை எதிரே உட்காரவைத்து, இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு (எழுத்தின் வடிவத்தைச் சொல்லித் தேடும் வாய்பாடு) நீ பிடிபடுகிறாயா, இல்லையா, சரி இதற்கு, என்று நேருக்கு நேர் பேசிக்கொண்டே போகலாம். நிரல் எழுதுகிற மாதிரியே இல்லை, மார்க்கெட்டில் காயைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து வாங்குகிற மாதிரி இருக்கிறது. ஜாவாவிலும் 2017-இல் ஜாவா 9-ஓடு ஜேஷெல் வந்தது உண்மைதான், சின்னச் சின்னதாகப் பார்க்க நல்லது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனுக்குள் சுலபமாகத் தலையை நீட்டிப் பேச அது தோதுப்படாது.

இழப்பு என்னவென்றால், பேர் மாற்றும் தைரியம். ஜாவாவில் ஷிஃப்ட் எஃப்6 அடித்தால் 300 கோப்பில் ஒரு மெத்தடின் பேர் மாறும், நான் நிம்மதியாக டீ குடிக்கப் போவேன். ரூபியில் எடிட்டர் 'இதுவாக இருக்கலாம்' என்று ஊகித்துக் காட்டும், அதுவும் பாதி நேரம். ரூபியில் இணையத் தளங்கள் கட்ட உதவும் ரெயில்ஸ் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம், பாதி மெத்தடுகள் ஓடும்போதுதான் பிறக்கின்றன, எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினால் எங்கேயும் எழுதியிருக்காது. 70 வரியில் இது பிரச்சினை இல்லை. 70 ஆயிரம் வரியில், நான் எழுதாத நிரலில், எழுதினவன் வேலையை விட்டுப் போன பிறகு என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு வியர்க்கிறது.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. தானாகப் பேர் மாற்றித் தரும் அந்த ரீஃபாக்டரிங் கருவி முதலில் பிறந்தது ஸ்மால்டாக்கில், அது பக்கா டைனமிக் மொழி. 90-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரான்ட்டும் டான் ராபர்ட்ஸும் செய்தது. நிரலைச் சோதிக்க நாம் தினமும் ஓட்டும் ஜேயூனிட், கென்ட் பெக் ஸ்மால்டாக்குக்கு எழுதிய எஸ்யூனிட்டின் பிள்ளை. ஜாவாவை வேகமாக ஓடவைக்கும் ஹாட்ஸ்பாட் எந்திரமே செல்ஃப், ஸ்ட்ராங்டாக் என்று அந்தக் குடும்பத்து ஆராய்ச்சியிலிருந்து வந்தது, அதைச் செய்த நிறுவனத்தை 1997-இல் ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் வாங்கியது. நாம் ஜாவாக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சாமான்களில் பாதி டைனமிக் வீட்டுச் சீதனம். எனக்கு இது தெரிந்தபோது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 64 வீட்டுக்கு வேகம் எதற்கு? பெரிய அளவில் என்றால் இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது, ட்விட்டர் ரெயில்ஸில் ஆரம்பித்து அப்புறம் ஜாவா ஓடுகிற எந்திரமான ஜேவிஎம் பக்கம் போனது, கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் இன்னும் ரெயில்ஸில்தான் நிற்கின்றன. ஷாப்பிஃபை ஆட்களே ஒய்ஜிட் என்று ஒரு கம்பைலரை எழுதி ரூபி 3.1-இலிருந்து உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். எனக்கு நிஜத்தில் தொந்தரவு கொடுத்தது விண்டோஸ்தான், ரூபி உலகம் அதை மாற்றாந்தாய்ப் பிள்ளையாகவே நடத்துகிறது, கடைசியில் லினக்ஸ் போட்டுக்கொண்டேன்.

பைத்தானைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேட்டுக் காது புளித்திருக்கும். கீதோ வான் ராசம் 1991-இல் வெளியிட்டது, ரூபியைவிட மூத்தது. நான்கில் இதைத்தான் சீக்கிரம் கற்றேன், இதில்தான் சீக்கிரம் சலிப்பும் வந்தது. ஒழுங்கான, சமத்தான, தலைவாரிப் பொட்டு வைத்த மொழி. நான் முதலில் தடுக்கி விழுந்த இடம் டைப் குறிப்புகள். 2015-இல் வந்த பைத்தான் 3.5 இதை முறைப்படுத்தியது, ஃபங்ஷனின் அளவுருவுக்குப் பக்கத்தில் முழு எண் என்பதற்கு 'இன்ட்' என்று எழுதலாம், நான் ஆசையாக எழுதினேன், எழுதிவிட்டு ஒரு சரத்தை அனுப்பினேன், அது பாட்டுக்கு வாங்கிக்கொண்டு ஓடியது. ஓடும்போது அந்தக் குறிப்பை யாரும் பார்ப்பதில்லை, மைபை மாதிரி தனிக் கருவியை ஓட்டினால்தான் சண்டை போடும். 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை மாட்டிய வீட்டில் நாய் இல்லாத கதை. பேக்கேஜ் நிறுவுவதற்கு பிப், வென்வ், போயட்ரி, இப்போது யூவி என்று ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு வழி சொல்கிறார்கள். நேராக யூவி பிடித்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை மறந்துவிடுங்கள்.

என் ஒன்றரைக் கோடித் தப்பை இங்கேயும் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். பைத்தானின் 'சம்' சரங்களைக் கூட்ட மறுத்தது. தொடக்க மதிப்பாக வெற்றுச் சரத்தைக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தால், சரங்களைக் கூட்ட முடியாது, அதற்கு 'ஜாயின்' இருக்கிறது போய்ப் பயன்படுத்து என்று பிழைச் செய்தியிலேயே வழி சொல்லி அனுப்பியது. பதினேழு வருடத்தில் ஜாவா என்னிடம் அப்படிப் பேசியதாக ஞாபகமில்லை. கணக்கு வேலைக்குப் பைத்தான் கைகொடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, அட்டவணைகளுக்கான பாண்டாஸ் நூலகத்தைப் போட்டால் 70 வரியும் 20 வரியாகும். ஆனாலும் ஜாவாவிலிருந்து வருகிறவனுக்குப் புதிதாக யோசிக்கக் கற்றுத்தரும் மொழி என்று எனக்குப் படவில்லை, கிளாஸ், மெத்தட், எக்செப்ஷன், அதே தெரு, வேறு வீடு.

க்ளோஜர்தான் தெருவையே மாற்றியது. ரிச் ஹிக்கி 2007-இல் வெளியிட்டார், லிஸ்ப் குடும்பம். லிஸ்ப் 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய பழம்பெரும் குடும்பம், அடைப்புக்குறிகளைப் பார்த்து எல்லாரும் ஓடுகிற குடும்பமும் அதுதான். நான் முதல் வாரம் ஓடத்தான் பார்த்தேன். ஓடாமல் தடுத்தது, இது ஜேவிஎம் மேல் ஓடுகிறது என்கிற விஷயம். செயலாளர் ஒரு மாதம் சிஎஸ்விக்குப் பதிலாக எக்செல் கோப்பையே அனுப்பிவிட்டார். நான் பத்து வருடமாக ஆபீஸில் பயன்படுத்துகிற அப்பாச்சி பிஓஐ நூலகத்தை க்ளோஜரிலிருந்து அப்படியே கூப்பிட்டேன், வந்தது. புது ஊரில் பழைய பால்காரரைப் பார்த்த சந்தோஷம்.

க்ளோஜரில் வீட்டுக்கு ஒரு கிளாஸ், கட்டணத்துக்கு ஒரு கிளாஸ் என்று எதுவும் இல்லை. எல்லாமே ஒரு மேப், வீடு பி-204, தொகை 3500, தேதி இது, அவ்வளவுதான். மேப்பில் எதையாவது மாற்றினால் பழையது அப்படியே இருக்கும், மாற்றியது புதிதாகக் கிடைக்கும், உள்ளுக்குள் பெரும்பகுதியை இரண்டும் பகிர்ந்துகொள்வதால் நினைவகமும் வீணாவதில்லை. கிளாஸுக்குள் இருக்கும் மதிப்பை எடுக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் என்று எழுதியே கைரேகை தேய்ந்துபோன எனக்கு, இவ்வளவு கிளாஸ்களும் எதற்காக என்று முதல்முறையாகக் கேள்வி வந்தது. கால்வா என்கிற நீட்சியைப் போட்டால் எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு இணைந்துவிடும். எழுதுகிற கோப்புக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனை மாற்றி ஒரு விசை அடித்தால், ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாமலே அது மாறிவிடும். ஐஆர்பி பக்கத்து அறையில் இருப்பவரோடு பேசுவது என்றால் இது ஒரே இலையில் சாப்பிடுவது.

ஒன்றரைக் கோடி? 'ரெட்யூஸ்' போட்டுக் கூட்டச் சொன்னேன். ஒரே தவணைக்காரர்கள் 63 பேரும் இங்கேயும் சரமாகவே தப்பித்துப் போனார்கள், ஒரே உறுப்பு இருந்தால் 'ரெட்யூஸ்' கூட்டவே கூட்டாது. ஆனால் பி-204 வந்ததும் சரத்தை எண்ணாகப் பார்க்க முடியாது என்று நிரல் நின்றது. தப்பான விடையைவிட நின்றுபோவது எவ்வளவோ மேல். நின்றதைச் சொன்ன விதத்தைத்தான் மன்னிக்க முடியாது. ஜாவாவின் அதே கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன், அதன்கீழ் நான் எழுதாத உள் கிளாஸ்களின் பேராக பிழை வந்த வழியைக் காட்டும் நீளமான ஒரு ஸ்டாக் ட்ரேஸ், அதற்கு நடுவே எங்கோ என் ஒரு வரி. கல்யாண மண்டபத்தில் தொலைந்த செருப்பைத் தேடுகிற கதை. இதோடு, ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஜேவிஎம் எழுந்திருக்கும்வரை காத்திருக்கவேண்டும், சின்ன ஸ்கிரிப்டுகளுக்கு இது எரிச்சல். நான் பார்த்தவரை பக்கத்தில் யாருமே இதை எழுதுவதில்லை, சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. பிரேசிலின் நூபேங்க் மாதிரி பெரிய வங்கியே இதில் ஓடுகிறது என்று ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன், எங்கள் மேனேஜர் 'நைஸ்' என்றார், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எலிக்சிரை நியாயமாகச் சோதித்தேன் என்று சொல்லமாட்டேன். ரெயில்ஸ் குழுவில் இருந்த ஜோசே வாலிம் உருவாக்கியது, 1.0 வந்தது 2014-இல், அடியில் ஓடுவது எரிக்ஸன் டெலிபோன் நிறுவனம் 80-களில் உருவாக்கிய எர்லாங்கின் எந்திரம். வாட்ஸ்அப் அந்த எர்லாங்கில்தான் எழுந்தது. லட்சக்கணக்கான சின்னச் சின்ன புராசஸ்கள், ஒன்று விழுந்தால் தூக்கி நிறுத்த மேலே ஒரு மேற்பார்வையாளர் என்று கட்டமைத்திருக்கிறார்கள். 64 வீட்டுக் கணக்குக்கு இதைக் கொண்டுவருவது முறுக்கு பிழிய ரோடு ரோலர் கொண்டுவருவது. ஆனால் தரவின் வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கிற பேட்டர்ன் மேட்சிங் பிரமாதம், விவரப் பத்தியைப் பிரிக்க நான்கிலும் இதில் எழுதியதுதான் படிக்கவே அழகாக வந்தது. கூட்டலுக்கு '+', சரம் ஒட்டுவதற்கு வேறு குறி என்று தனித்தனியாக வைத்திருப்பதால் ஒன்றரைக் கோடிக்கு இங்கே வழியே இல்லை, ஒரே தவணைக்காரர்களிலேயே பிழை வந்து நின்றது.

எலிக்சிர் என்னை மயக்கியது வேறு ஓரிடத்தில். பட்டியலில் பேர்களைத் தமிழில் போடவேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டிருந்தார். 'தமிழ்' என்கிற சொல்லின் நீளம் என்ன என்று ஜாவாவிடம் கேளுங்கள், 5 என்னும். பைத்தானும் 5, ரூபியும் 5, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுகின்றன. எலிக்சிரிடம் கேட்டேன், 3 என்றது. த, மி, ழ். எந்த நூலகமும் இல்லாமல், எந்த விசேஷ மெத்தடும் தேடாமல். சொல்லைத் திருப்பிப்போடச் சொன்னால் 'ழ்மித' என்று எழுத்து சிதறாமல் திருப்பியது, அதே வேலையைப் பைத்தானின் வழக்கமான குறுக்குவழியில் செய்தால் புள்ளி சொல்லின் முன்னால் வந்து அநாதையாகத் தொங்கும். ரூபியில் 'கிராஃபீம் கிளஸ்டர்ஸ்' என்று கேட்டால் அதுவும் 3 சொல்லும், ஜாவாவில் பிரேக் இட்டரேட்டர் என்று சுற்றிவரவேண்டும். கேட்காமலே சரியாகச் சொன்னது இது ஒன்றுதான். அப்படியும் பட்டியலின் பத்திகள் நேராக நிற்கவில்லை என்பது தனிக்கதை, 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலத்தில் நான் பார்த்த எந்த எழுத்துருவிலும் வரவில்லை.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் டைப்பை விட்டு இந்தப் பக்கம் வருகிறேன், இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு டைப்பைத் தேடி அந்தப் பக்கம் போகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் அதில் டைப் சேர்த்த டைப்ஸ்கிரிப்டுக்குப் போய் வருடக்கணக்காகிறது. ஸ்ட்ரைப் நிறுவனம் தன் ரூபிக்காக சார்பெட் என்கிற டைப் சோதனைக் கருவியை எழுதியது, ரூபி 3.0-ஓடு டைப்பை எழுதிவைக்க ஆர்பிஎஸ் வந்தது, டிராப்பாக்ஸ் 40 லட்சம் வரி பைத்தானுக்கு டைப் சோதனை போட்டது, எலிக்சிர் 1.18-இல் கம்பைலரே டைப் தப்புகளைக் கண்டுபிடிக்கிறது. ஜாவா தன் பங்குக்கு 2018-இல் 'வார்' கொடுத்து, டைப்பை நீ எழுதவேண்டாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கொஞ்சம் இறங்கி வந்தது. பாலத்தின் நடுவில் எல்லாரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறோம்.

ஆபீஸ் வேலைக்கு நான் ஜாவாவை விடவில்லை, விடப்போவதும் இல்லை. இருபது பேர் சேர்ந்து தொடுகிற, காசு புழங்குகிற நிரலுக்கு அந்தச் சிவப்புக் கோடு எனக்கு வேண்டும். ஆனால் க்ளோஜருக்குப் பிறகு நான் எழுதும் ஜாவா மாறிவிட்டது, முடிந்த இடமெல்லாம் மதிப்பை மாற்ற முடியாத ரெக்கார்ட், செட்டர் அறவே இல்லை, கோட் ரிவ்யூவில் ஜூனியர் பையன்கள் 'என்னாச்சு இவருக்கு' என்று பார்க்கிறார்கள். தேர்வு நடத்தி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால், மூளைக்கு வேலை வேண்டும் என்பவர்கள் க்ளோஜரை எடுங்கள், மூன்று வாரமாவது அடைப்புக்குறிகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வேலையை முடித்துவிட்டுத் தூங்கவேண்டும் என்பவர்களுக்கு ரூபி. எலிக்சிருக்கு, நிறைய பேர் ஒரே நேரத்தில் வந்து மொய்க்கிற ஒரு வேலை கையில் கிடைக்கும்போது திரும்ப வருவேன். பைத்தான் நீங்கள் தேடிப் போகாவிட்டாலும் உங்களைத் தேடி வரும்.

அபார்ட்மெண்ட் கணக்கு ரூபியிலேயே ஓடுகிறது. 'இன்டிஜர்' போட்டாயிற்று, காற்புள்ளியை நீக்கியாயிற்று, பத்தொன்பது டெஸ்ட் எழுதியாயிற்று, அதில் ஒன்றின் பேரே 'பி-204'. வாத்தியாரிடம் போய் இனிமேல் எத்தனை தவணையாக வேண்டுமானாலும் கட்டலாம் சார் என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியே முழு 3500-ஐயும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார். "எதுக்கு தம்பி வம்பு, போன தடவ கோடீஸ்வரன்னு தெரிஞ்சு பால்காரன் கடன் கேட்டுட்டான்."